ஒட்டுக்கட்டில் வாங்குமுன் உங்கள் கட்டிலை அளந்துகொள்ளுங்கள்

போன வருஷம் என் மகளைத் தலைப்பிரசவத்துக்கு மதுரைக்கு அழைத்து வந்தோம். அவள் வந்து இறங்கிய நான்காம் நாள் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய பார்சல். மாப்பிள்ளை ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருந்தார். பெரியவர்கள் படுக்கும் கட்டிலோடு பக்கவாட்டில் ஒட்டி நிற்கிற, ஒரு பக்கத் தடுப்பு மட்டும் கீழே இறங்குகிற குட்டிக் கட்டில். கடைகளில் 'பெட்சைட் கிரிப்' என்கிறார்கள். எண்பது வயதான என் அம்மா அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒட்டுத்திண்ணை மாதிரி ஒட்டுக்கட்டிலா?" என்றார். எங்கள் வீட்டில் அதுவே பெயராகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், வந்த ஒட்டுக்கட்டில் ஒட்டவில்லை. ஏன் என்பது இரண்டாவது குறிப்பில் இருக்கிறது. அடுத்த ஐந்து மாதத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதும், குழந்தை டாக்டரிடம் நச்சரித்துக் கேட்டதும் மற்றவற்றில்.

1. குழந்தை முதலில் எந்த வீட்டில் தூங்கப்போகிறது என்று யோசியுங்கள். நம் ஊரில் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடுதான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் பிள்ளையோடு புகுந்த வீட்டுக்குப் போவார்கள். ஒட்டுக்கட்டிலின் ஆயுளே ஐந்தாறு மாதம். ஆக அதில் முக்கால்வாசி நாள் ஓடப்போவது அம்மா வீட்டு அறையில். ஆனால் வாங்குகிறவர்கள் தங்கள் பிளாட்டில் இருக்கும் கட்டிலை மனதில் வைத்தே வாங்குகிறார்கள். இரண்டு வீட்டுக் கட்டிலையும் அளந்து, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி உயரத்தை ஏற்றி இறக்கும் வசதியுள்ளதாகப் பாருங்கள். இரண்டுக்கும் பொருந்துவது கிடைக்காவிட்டால் தாய்வீட்டுக் கட்டிலுக்கே முதலிடம்.

2. எடுக்க வேண்டிய அளவுகள் நான்கு. தரையிலிருந்து உங்கள் மெத்தையின் மேல்மட்டம் வரை எவ்வளவு உயரம் என்பது முதல் அளவு. கட்டிலின் பக்கச் சட்டம் மெத்தையைவிட மேலே துருத்திக்கொண்டிருந்தால் எத்தனை அங்குலம் என்பது இரண்டாவது. கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது மூன்றாவது. கட்டிலுக்கும் சுவருக்கும் அல்லது பீரோவுக்கும் நடுவில் எத்தனை அடி என்பது நான்காவது.

எங்களைக் கவிழ்த்தது மூன்றாவது அளவு. ஒட்டுக்கட்டில்களில் பலவற்றுக்குக் கால்கள் நேராக இறங்கி, அடியில் மடங்கி, பெரிய கட்டிலின் கீழே நுழைந்து நிற்கும். அப்போதுதான் இரண்டும் நெருங்கும். எங்களுடையதோ பாக்ஸ் கட்டில். அடியில் நான்கு டிராயர்; அதில் பழைய பட்டுப்புடவை, கொலு பொம்மை என்று இருபது வருஷத்து சாமான். பலகை தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒட்டுக்கட்டிலின் கால் பலகையில் இடித்து நின்றது. நடுவில் ஒரு சாண் பள்ளம். என் வீட்டுக்காரர் தள்ளிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், தலையணையை மடித்து அந்தப் பள்ளத்தில் சொருகிப் பார்த்தார். "அப்பா, அது வேண்டவே வேண்டாம்ப்பா" என்று மகள் அலறிவிட்டாள். கடைசியில் பின்கட்டு அறையில் கிடந்த தேக்குக் கட்டில்தான் கை கொடுத்தது. அதற்கு நான்கு கால், அடியில் வெற்றிடம், பக்கச் சட்டமும் மெத்தைக்குக் கீழேதான். மாப்பிள்ளை ஆசையாக அனுப்பியதைத் திருப்பி அனுப்ப மனசு வராமல் மகளின் அறையையே மாற்றினோம். டேப்பை முதலில் எடுத்திருந்தால் ஒரு நாள் கூலியும் என் வீட்டுக்காரரின் இடுப்பும் மிஞ்சியிருக்கும்.

3. இறக்கி வைத்த பக்கத்திலும் சின்னதாக ஒரு தடுப்பு இருக்க வேண்டும். சில மாடல்களில் அந்தப் பக்கம் முழுக்கத் திறந்துவிடும். குழந்தையின் மெத்தையும் உங்கள் மெத்தையும் ஒரே சமதளமாகிவிடும். பார்க்க அழகு, எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தை உங்கள் பக்கம் உருண்டு வரும், உங்கள் போர்வையும் அங்கே நழுவும். இறக்கிய தடுப்பின் மேல்விளிம்பு உங்கள் மெத்தையின் மேல்மட்டத்துக்குச் சமமாகவும், குழந்தையின் மெத்தை அதைவிடச் சில அங்குலம் தாழ்ந்தும் இருப்பதுபோல் பார்த்து வாங்குங்கள்.

4. மூன்று கிலோ அரிசி சோதனை. இது எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்றரை கிலோ இருக்கும். ஒரு துணிப்பையில் மூன்று கிலோ அரிசியைக் கட்டி, ஒட்டுக்கட்டிலில் நட்ட நடுவில் வையுங்கள். கர்ப்பிணியைப் பெரிய கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். எழுந்து உட்காராமல், முழங்கையை ஊன்றி, அந்தப் பையைத் தன் பக்கம் எடுக்க முடிகிறதா? தடுப்பில் கை இடிக்கிறதா? எடுத்ததைத் திரும்ப வைக்கும்போது தொப்பென்று போடாமல் மெதுவாக வைக்க வருகிறதா? என் மகளுக்கு முதல் உயரத்தில் வரவில்லை. ஒரு படி ஏற்றினோம், வந்தது. பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டும். அதில் பாதி ராத்திரியில். இந்த ஒரு கையசைவு சரியாக வராவிட்டால் கட்டிலில் வேறு என்ன வசதி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

5. இடைவெளியை ஆள் படுத்திருக்கும்போது பாருங்கள். வெறும் கட்டிலில் இரண்டும் ஒட்டித்தான் தெரியும். ஸ்பிரிங் மெத்தையிலும் பழைய ஃபோம் மெத்தையிலும் ஓரத்தில் ஆள் படுத்ததும் விளிம்பு அமுங்கும். நடுவில் வாய் பிளக்கும். தடுப்புக்கும் உங்கள் மெத்தைக்கும் நடுவில் விரல்கூட நுழையக் கூடாது. கட்டிலோடு வரும் பெல்ட்டை உங்கள் மெத்தைக்கு அடியில் கொடுத்து எதிர்ப்பக்கச் சட்டத்தில் இறுக்குங்கள். அது இரண்டொரு நாளில் தளரும். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதை வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் தாத்தா.

சக்கரம் வைத்த மாடல் என்றால் பூட்டு எல்லாச் சக்கரத்துக்கும் இருக்கிறதா பாருங்கள். வழவழ டைல்ஸ் தரையில் இரண்டு சக்கரத்தை மட்டும் பூட்டினால் மற்ற இரண்டும் சுற்றிக்கொண்டு வரும்.

6. குழந்தையின் மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். நமக்கு மெத்தென்று இருப்பதுதான் நல்ல மெத்தை. இலவம்பஞ்சு மெத்தையில் பிள்ளையைப் போட்டால் பூப்போலக் கிடக்கும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பஞ்சு குழைந்துகொடுக்கும். முகம் திரும்பிப் பதிந்தால் மூக்கைச் சுற்றிக் குழி விழும். விட்ட மூச்சையே குழந்தை திரும்ப இழுக்கும். கழுத்து நிற்காத குழந்தையால் முகத்தைத் தூக்கிக்கொள்ள முடியாது. உள்ளங்கையால் மெத்தையை அழுத்தி எடுங்கள். கை வடிவம் ஒரு நொடிகூட நிற்காமல் மேலே வந்துவிட வேண்டும்.

இன்னும் திட்டமாகப் பார்க்க ஆஸ்திரேலியாவில் ஒரு வீட்டுச் சோதனை சொல்லித் தருகிறார்கள். பன்னிரண்டு சி.டி.யை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழந்தையின் தலை வரும் இடத்தில் அடுக்கி, அதன்மேல் இரண்டு ஒரு லிட்டர் பால் பெட்டிகளைப் படுக்கைவாக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். கீழ்ப்பெட்டியின் நுனி சி.டி. அடுக்கைத் தாண்டி 4 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டிய நுனி மெத்தையைத் தொட்டால் மெத்தை மெது, வேண்டாம். பாக்கெட் பால் இதற்கு ஆகாது, தொளதொளவென்று விழும். அட்டைப்பெட்டியில் வரும் பால்தான் வேண்டும். சி.டி.க்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. பழைய கல்யாண வீடியோ முழுக்க அதில்தான் இருக்கிறது, போட்டுப் பார்க்கத்தான் கருவி இல்லை.

கட்டிலோடு வந்த மெத்தையின் மேல் 'இன்னொரு சின்ன மெத்தை போட்டால் சொகுசாக இருக்குமே' என்று எதையும் விரிக்காதீர்கள். மெத்தைக்கும் கட்டில் ஓரத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அளவு தப்பு.

7. கட்டிலுக்குள் குழந்தை மட்டும். இந்த ஒரு குறிப்புக்குத்தான் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. என் அம்மா ஏழாம் மாதமே கடுகு புடைத்து, வெயிலில் காயவைத்து, மல்துணியில் கடுகுத் தலையணை தைத்து வைத்திருந்தார். தலை உருண்டையாக வர வேண்டும் என்று.

"டாக்டர் தலையணையே வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க அம்மாச்சி" என்றாள் மகள்.

"உங்கம்மா தலையைத் தொட்டுப் பாருடி. எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கா இல்லையா? கடுகுத் தலையணைதான்."

என் தலையை வைத்து நடந்த வழக்கில் நான் தலையிட முடியவில்லை. டாக்டர் சொன்னதை மட்டும் சொல்கிறேன். எந்தத் தலையணையானாலும் நழுவி முகத்துக்கு வரலாம், கழுத்தை மடக்கி மூச்சுக்குழாயை நெருக்கலாம். தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க வேறு வழி இருக்கிறது. இன்றைக்குத் தலை வைத்த பக்கம் நாளைக்குக் கால் வருகிற மாதிரி மாற்றிப் போடுங்கள். குழந்தை வெளிச்சத்தையும் அம்மாவையும் தேடித் திரும்பும். பக்கம் தானாக மாறும். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, தினமும் சில நிமிஷம் குப்புறப் போடுங்கள். அதுவே கழுத்துக்கும் பலம். கடுகு வீணாகவில்லை, ஆறு மாதம் தாளித்தோம்.

கடையில் சேர்த்துக் கட்டித் தரும் பக்கத் தலையணை, ஓரத்தில் கட்டும் பஞ்சு மெத்தைத் தடுப்பு, ரஜாய், கரடி பொம்மை எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். ஓரத்தில் கட்டும் அந்தப் பஞ்சுத் தடுப்பை விற்பதையே அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். இங்கே 'செட்' என்ற பெயரில் இன்னும் விற்கிறது. கடைக்காரர் இலவசம் என்றாலும் வாங்காதீர்கள்.

8. மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், பகலிலும் ராத்திரியிலும். 1994-ல் அமெரிக்காவில் இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார்கள். தூக்கத்தில் காரணம் தெரியாமல் பச்சைக் குழந்தைகள் இறப்பது அடுத்த பத்து வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. "கக்கினால் புரையேறாதா?" என்று எல்லாப் பாட்டிகளும் கேட்பார்கள், நானும் கேட்டேன். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கியது கீழ்க்குழாயிலேயே தங்கும். குப்புறப் போட்டால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துப் படுக்க வையுங்கள்.

9. 'சாய்த்து வைக்கும் வசதி உண்டு' என்று விளம்பரம் வந்தால் அதற்காகக் கூடுதல் காசு தராதீர்கள். ஒரு பக்கக் காலை உயர்த்தித் தலைப்பக்கம் மேடாக்கும் வசதி அது. கக்குகிற குழந்தைக்கு நல்லது என்பார்கள். சரிவில் குழந்தை கீழே நழுவும், தாடை நெஞ்சில் முட்டும், மூச்சு அடைபடும். அமெரிக்காவில் சாய்வுப் படுக்கை ஒன்றை 2019-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். விற்றிருந்தது 47 லட்சம். 2022-ல் வந்த சட்டம், 10 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளையே தடை செய்தது. கட்டில் மட்டமாக நிற்கிறதா என்று பார்க்க, மெத்தையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வையுங்கள். ஓடாமல் இருந்தால் சரி.

10. சிசேரியன் என்றால் உயரத்தில் சமரசம் வேண்டாம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன்தான். தையல் போட்ட வயிற்றோடு குனிந்து ஆழமான தொட்டிலுக்குள்ளிருந்து பிள்ளையைத் தூக்குவது என்ன பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும். ஒட்டுக்கட்டில் தன் விலையைச் சம்பாதிப்பது இந்த வீடுகளில்தான். எந்தப் பக்கம் ஒருக்களித்தால் வலி குறைவோ அந்தப் பக்கத்தில் கட்டிலைப் போடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகே இது தெரியும். அதனால் அறையின் இரண்டு பக்கமும் இடம் ஒதுக்கி வையுங்கள்.

11. அத்தை வீட்டுத் தொட்டில், பெரியம்மா பிள்ளைகள் ஐந்து பேர் தூங்கிய கட்டில் என்று பழசு வந்தால் சந்தோஷம்தான். ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. குளிர்பான டின் ஒன்று உள்ளே நுழைந்தால் இடைவெளி அதிகம். குழந்தையின் உடம்பு நழுவி வெளியே வந்து தலை மாட்டிக்கொள்ளும். அடுத்தது பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பளபள மஞ்சளும் பச்சையும் உதிர்கிறதென்றால் பிள்ளை வாய்க்கு எட்டும் இடத்தில் வேண்டாம். கடைசியாக ஆட்டிப் பாருங்கள். கிரீச்சென்று சத்தம் வந்தால் எண்ணெய் விட்டால் போகும். மூட்டு அசைந்தால் ஆசாரியைக் கூப்பிடுங்கள், ஃபெவிகாலை ஊற்றி ஒப்பேற்றாதீர்கள்.

12. விரிப்பு வாங்க வேண்டாம், வேட்டி போதும். ஒட்டுக்கட்டில் மெத்தை பெரும்பாலும் மூன்றடி நீளத்துக்குள், இரண்டடி அகலத்துக்குள் அடங்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப்போன நாலு முழ வேட்டியில் இரண்டு விரிப்பு தேறும். நான்கு மூலையையும் தைத்து எலாஸ்டிக் கொடுத்துவிட்டால் மெத்தையைக் கவ்விக்கொள்ளும், குழந்தை உதைத்தாலும் சுருண்டு வராது. சும்மா விரித்துப் போடும் துணி ஆபத்து. குறைந்தது ஆறு விரிப்பு வையுங்கள். ஐப்பசி மாதம் பிறக்கிற பிள்ளை என்றால் பத்து. துணி காயாத நாட்களில் நான் இஸ்திரிப்பெட்டியோடு நின்ற கதை தனி.

விரிப்புக்கு அடியில் ரப்பர் ஷீட் போடுவதென்றால் அதையும் மெத்தையோடு இறுகச் சேர்த்துவிடுங்கள்.

13. கொசுவலையைப் பகலிலும் போடுங்கள். டெங்குக் கொசு கடிப்பது பகலில். ஒட்டுக்கட்டிலுக்கென்று விற்கும் குட்டிக் குடைவலை பாதிக் கட்டிலில் நழுவித் துணிபோல் உள்ளே விழும். அதைவிடப் பெரிய கட்டிலையும் சின்னக் கட்டிலையும் சேர்த்து மூடுகிற பெரிய வலையாக ஒன்று கட்டிவிட்டால் அம்மாவும் பிள்ளையும் ஒரே கூடாரத்துக்குள் இருக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கொசுவத்திச் சுருளையும் சாம்பிராணிப் புகையையும் அந்த அறைக்குள் விடாதீர்கள்.

14. மதுரை வெயிலில் குழந்தைக்குக் குளிர்கிறதோ என்று பயந்து குல்லா, உறை, இரண்டு போர்வை என்று பொதிந்து வைக்கிறோம். கை கால் சில்லென்றிருப்பது பச்சைக் குழந்தைக்கு இயல்பு. பிடரியிலும் நெஞ்சிலும் கை வைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். ஏ.சி. காற்றோ ஃபேன் காற்றோ நேராக முகத்தில் அடிக்காத இடமாகப் பார்த்துக் கட்டிலைப் போடுங்கள்.

15. நூல், கயிறு, ஊக்கு. கட்டில் கம்பியில் கிலுகிலுப்பையைக் கட்டித் தொங்கவிடுவது, திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு முடிவது, கொசுவலைக் கயிற்றின் நுனி தொங்குவது எல்லாமே குழந்தையின் கழுத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இன்னொன்று, இதை எந்தக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. நம் பெண்கள் தாலிக்கொடியில் ஊக்குகளைக் கொத்தாகக் கோத்திருப்போம். அரைத்தூக்கத்தில் ஒட்டுக்கட்டில் பக்கம் சாய்ந்து பிள்ளையை எடுக்கும்போது அந்தக் கொத்து நேராகக் குழந்தையின் முகத்தில்தான் விழும். எங்கள் பேரனின் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்த பிறகே தெரிந்தது. ராத்திரிக்கு ஊக்கைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள்.

16. கட்டிலே இல்லாத வீடு நிறைய உண்டு. பாயில் படுக்கிறவர்கள் ஒட்டுக்கட்டிலுக்காகக் கட்டில் வாங்க வேண்டியதில்லை. அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில், தனியாக ஒரு கெட்டி மெத்தை, இறுக்கமான விரிப்பு, மேலே வலை. அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2015-ல் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவங்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் குழந்தைப் படுக்கையும் வலையும் இருந்தன. பின்லாந்தில் பல பத்து வருஷங்களாகத் தாய்மார்களுக்கு ஓர் அட்டைப்பெட்டியில் துணிமணி வைத்துத் தருகிறார்கள். அடியில் ஒரு சின்ன மெத்தை இருக்கும். சாமானை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. அம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் தனி இடத்தில் குழந்தை கிடக்க வேண்டும். அதற்கு எந்த ஊரிலும் பெரிய செலவு இல்லை.

ஆபத்தான இடம் சோபா. நள்ளிரவில் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடியே கண்ணயர்வது, கட்டிலில் அயர்வதைவிடப் பல மடங்கு மோசம் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் பெரியவர்களோடு ஒரே படுக்கை கூடாது. வீட்டில் யாராவது புகைபிடித்தால் அந்த வீட்டுக் குழந்தைக்கும் இதே கட்டுப்பாடு.

17. தூளியைப் பற்றிக் கேட்பீர்கள். நானும் தூளியில் வளர்ந்தவள், என் பிள்ளைகளும் அதில்தான். புடவை வாசமும் ஆட்டமுமாகப் பிள்ளையைத் தூங்கவைப்பதில் அதற்கு ஈடு இல்லை என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் தூளியில் குழந்தையின் முதுகு வில்லாக வளையும், தாடை நெஞ்சோடு சேரும், துணி இரண்டு பக்கமும் முகத்தை அணைக்கும். கெட்டியான மட்டமான படுக்கைக்கு நேர் எதிர். ராத்திரி முழுக்க யாரும் பார்க்காமல் தொங்கவிட அது ஏற்றதல்ல. எங்கள் வீட்டில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். பகலில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுகிற நேரத்துக்கு மட்டும் தூளி. துணியை விரித்துப் பிடிக்கும் விரிகட்டை கட்டாயம். தரையிலிருந்து ஓரடிக்கு மேல் உயரம் கூடாது. தூங்கிவிட்டால் தூக்கி ஒட்டுக்கட்டிலில் போட்டுவிட வேண்டும். வேலை முடிந்ததும் புடவையை அவிழ்த்து வைத்துவிட வேண்டும். தொங்கும் தூளியில் பெரிய குழந்தைகள் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய செய்தி அவ்வப்போது பேப்பரில் வருகிறதே, அதற்காக.

இந்த உடன்படிக்கையில் டாக்டருக்கு முழுச் சம்மதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

18. பிறக்குமுன் வாங்கலாமா? 'பிள்ளை வருமுன் தொட்டில் வரக் கூடாது' என்பார்கள். தொட்டில் போடுவதும் பதினோராம் நாளோ பதினாறாம் நாளோதான். ஆனால் ஒட்டுக்கட்டில் அதிகம் தேவைப்படுவது அந்த முதல் பதினைந்து நாளில். பெரியவர்கள் மனதையும் நோகடிக்க வேண்டாம். அளவெடுத்து, பணம் கட்டி, கடையிலேயோ பக்கத்து வீட்டிலேயோ வைத்திருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளன்று பூட்டிக்கொள்ளலாம். எங்கள் அம்மா "அது தொட்டில் இல்லை, கட்டில்தானே" என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் முறைப்படி மரத்தொட்டிலில் போட்டு, பெயர் வைத்து, அரைமணி நேரத்தில் பேரனை ஒட்டுக்கட்டிலுக்கு மாற்றினோம்.

19. எப்போது நிறுத்துவது? குழந்தை கவிழ ஆரம்பித்தாலோ, கையை ஊன்றி முட்டிபோடப் பார்த்தாலோ, அன்றைக்கே. மாதத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். சில குழந்தைகள் நான்காம் மாதமே கவிழ்ந்துவிடும். எடைக்கும் வரம்பு உண்டு. பல மாடல்களில் 9 கிலோ. உங்களுடையதில் எவ்வளவு என்று கூடவே வரும் தாளில் இருக்கும். அதன்பிறகு உயரமான தடுப்புள்ள கட்டில். ஒரு வருஷம் முடியாவிட்டாலும் குறைந்தது ஆறு மாதம்வரை அம்மா தூங்கும் அறையிலேயே. எங்கள் பேரன் நூற்றுப் பத்தாம் நாள் கவிழ்ந்தான். அன்று மதியமே கொழுக்கட்டை, சாயங்காலம் ஒட்டுக்கட்டிலைக் கழற்றியாயிற்று.

20. ஐந்து மாதப் பொருளுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பது உங்கள் பாடு. பெரிய ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கிறது. வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கினால் மெத்தையை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள். அதே அளவில், அதே கனத்தில். வலைத்துணி கிழிந்திருக்கிறதா, பூட்டு 'டக்'கென்று விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

21. கழற்றும்போது போல்ட்டுகளையும் அந்த வளைந்த சாவியையும் ஒரு கவரில் போட்டு, சட்டத்திலேயே டேப் வைத்து ஒட்டிவிடுங்கள். பெல்ட்டையும் அதோடு சேர்த்துக் கட்டுங்கள். பெல்ட் இல்லாத ஒட்டுக்கட்டிலை யாருக்கும் கொடுக்காதீர்கள். போன வாரம் என் தங்கை மகள் போன் செய்தாள். ஏழாம் மாதமாம். "பெரியம்மா, அக்காவோட ஒட்டுக்கட்டிலைக் கொடுத்துவிடுறீங்களா?" என்றாள். கொடுக்கிறேன், முதலில் உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் எத்தனை அங்குலம் என்று சொல்லு என்றேன். டேப்பைத் தேடப் போனவள் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை.